ஜாக்கெட் வெட்டில் மிஞ்சிய துணியில் ஒரு சின்னக் குயில்ட்: நிகழ்வு ஆய்வு

குழந்தையைத் தரையில் கிடத்த ஒரு விரிப்பு. அகலம் 36 இன்ச், நீளம் 45 இன்ச். மேல்பக்கம் முழுக்க ஜாக்கெட் தைக்கும் கடையில் விழுந்த வெட்டுத் துண்டுகள், நடுவில் பழைய நாலு முழ வேட்டி, அடியில் பழைய நூல்புடவை. விலை கொடுத்து வாங்க வேண்டியது நூலும் ஓரப் பட்டிக்கான 30 சென்டிமீட்டர் துணியும் மட்டும்தான். பட்டியையும் மிச்சத் துணியிலேயே ஒட்டுப்போட்டுக்கொண்டால் அதுவும் இல்லை.

இந்த அளவு குயில்ட் (அடுக்கிய துணிகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு) புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கையில்தான் இது அதிகம் கெடுகிறது. ஓரம் அலையலையாக நிற்கும், சதுரங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சேராது, முதல் சலவையில் ஒரு மெரூன் துண்டு பக்கத்து வெள்ளையையெல்லாம் ரோஸ் ஆக்கிவிடும். இவை மூன்றுமே தைத்து முடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் என்பதால் பழி தையல் மேல் விழுகிறது. உண்மையில் மூன்றில் இரண்டு, மிஷினில் உட்காரும் முன்பே நடந்துவிட்டவை. அதனால் இந்த ஆய்வில் துணி பிரிப்பதற்கும் வெட்டுவதற்கும் தையலைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

அளவு எப்படி வந்தது

சதுரம் 5 இன்ச் என்று முடிவானதற்கு அழகு காரணமில்லை. ஜாக்கெட் பிட்டில் உடல், கை, பட்டி எல்லாம் போக மிஞ்சுவது அக்குள் வளைவுக்கு வெளியே உள்ள முக்கோணங்கள், கைக்குப் பக்கத்தில் நிற்கும் நீளத் துண்டு, கழுத்து வெட்டு. இவற்றில் 6 இன்ச் சதுரம் அரிதாகவே விழும். 4 இன்ச் எடுத்தால் நிறையக் கிடைக்கும், ஆனால் தையல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். 5 இன்ச்தான் துணிக்கும் உழைப்புக்கும் ஒத்துப்போகிறது. முதுகுக் கழுத்தை ஆழமாக வெட்டிய ஜாக்கெட்டாக இருந்தால், அந்தக் கழுத்துத் துண்டைப் பிரித்து விரித்தாலே நேர் நூலில், அதாவது நெய்த இழைகளின் திசையிலேயே, ஒரு முழுச் சதுரம் கிடைக்கும். பையைக் கொட்டியதும் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

சுற்றிலும் தையலுக்குக் கால் இன்ச் போனால் 5 இன்ச் சதுரம் 4½ இன்ச்சாக நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10, ஆக 80 சதுரங்கள். 8 × 4½ = 36; 10 × 4½ = 45.

80 சதுரங்களின் பரப்பு 2000 சதுர இன்ச், அதாவது 1.3 சதுர மீட்டருக்கு ஒரு பிடி குறைவு. சதுர மீட்டருக்கு 110 கிராம் எடையுள்ள பாப்ளின் என்று வைத்துக்கொண்டால் சதுரங்கள் மொத்தமே 140 கிராம் சுமார்தான் வரும். ஆனால் வெட்டுத் துண்டுகளில் பாதிக்கு மேல் உதவாது. ரகம் சேராதது போகும், நூல் சாய்ந்தது போகும், சதுரம் எடுத்தபின் விளிம்பு போகும். அரை கிலோ துண்டுகள் கையில் இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். அதற்குக் குறைவென்றால் பாதியில் சேராத துணியைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். அந்த இடத்தில்தான் வேலை கெடத் தொடங்குகிறது.

துணி பிரித்தல்

கடையிலிருந்து வரும் பையில் ரூபியா, பாப்ளின், கேம்பிரிக், லைனிங், பட்டுத் துண்டு, ஆர்ட் சில்க், சில்க் காட்டன், ஜரிகைக் கரை எல்லாம் கலந்திருக்கும். பருத்தி மட்டும் வேண்டும். ஒரே சலவையில் ஒரே மாதிரி சுருங்கும் துணிகள்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். பருத்தி சுருங்கி பாலியஸ்டர் சுருங்காமல் நின்றால், பாலியஸ்டர் சதுரம் நடுவில் உப்பி எழும். அதை எந்த இஸ்திரியும் அடக்காது.

தொட்டுப் பார்த்துத் தெரியாத துணிக்கு ஒரே வழி, ஓரத்தில் நாலு இழையை உருவி இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுவது. பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து, விரலில் தூளாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக இறுகும். பட்டு முடி கருகும் வாசனை தரும், அதன் கரி நசுக்கினால் பொடியாகும். சாம்பலும் மணியும் சேர்ந்தே வந்தால் அது கலப்பு நூல், எடுத்து வைத்துவிடுங்கள். ஜரிகை உள்ளது எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விரிப்புக்கு ஆகாது. குழந்தையின் தோலில் உரசும், ஊசியையும் மழுக்கும்.

அடுத்தது தடிமன். லைனிங் துணியை அச்சடித்த செய்தித்தாள் மேல் விரித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் அது ஒற்றையாக நிற்காது. பக்கத்துச் சதுரத்தின் தையல் மடிப்பு வெளியே நிழலாகத் தெரியும், தேய்மானமும் அங்கேதான் முதலில் வரும். அதை இரண்டாக அடுக்கி ஒரே சதுரமாக வெட்டலாம். லைனிங்கை ஒதுக்கித் தள்ள முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஜாக்கெட் துணிகள் பெரும்பாலும் அடர்ந்த நிறங்கள்: மெரூன், பச்சை, நீலம், கறுப்பு. வெளிர் நிறம் பையில் எப்போதும் பஞ்சம். பாதி சதுரங்களாவது வெளிர்ந்திருந்தால்தான் ஒட்டுவேலை ஒட்டுவேலையாகத் தெரியும், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து ஒரே இருட்டுத் துணிதான். சந்தன நிற, வெள்ளை லைனிங் துண்டுகள் அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கும்.

இப்போது சாயம். வெட்டும் முன்பு எல்லாத் துண்டுகளையும் துவைக்க வேண்டும், விதிவிலக்கு இல்லை. துவைக்காத பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 45 இன்ச் நீளத்தில் 4 சதவீதம் என்றால் ஒன்றே முக்கால் இன்ச்சுக்கு மேல். எல்லாத் துணியும் ஒன்றாகச் சுருங்கினாலாவது பரவாயில்லை. புதுப் பாப்ளின் சுருங்கி, நடுவில் இருக்கும் நூறு சலவை கண்ட வேட்டி சுருங்காமல் நிற்பதுதான் சிக்கல்.

சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, சுங்குடித் துணி இவற்றைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் சுடுநீர், ஒரு துளி துணி சோப்பு, துண்டு உள்ளே, அரை மணி நேரம். பிறகு அந்த ஈரத் துண்டை வெள்ளைத் துணி மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்த வேண்டும். தண்ணீரில் லேசாக நிறம் இறங்கி வெள்ளைத் துணியில் ஒட்டாவிட்டால் இன்னும் இரண்டு அலசல் போதும். வெள்ளையில் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை அலசி மறுபடி சோதிக்க வேண்டும், அப்போதும் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. துணியில் பிடிக்காமல் தங்கியிருக்கும் சாயத்தை உப்பு நிரந்தரமாகக் கட்டிவைக்காது, அந்த ஒரு தடவை வெளியேறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். அடுத்த சலவையில் அது வரும். 79 சதுரங்களைக் கெடுக்க ஒரு சதுரம் போதும் என்பதால் இந்தச் சோதனையில் இரக்கம் கூடாது.

நேர் நூலும் சாய்ந்த நூலும்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். நெய்த துணியைப் பாவு நூல் (நெடுக்கு இழை) போகும் திசையில் இழுத்தால் அநேகமாக நீளாது, ஊடை (குறுக்கு இழை) திசையில் இழுத்தால் சற்றுக் கொடுக்கும், மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர்போல நீளும். முழுத் துணியில் வெட்டும்போது கரையைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ளலாம். வெட்டுத் துண்டில் கரை இருக்காது. அதிலும் துணியைச் சாய்வாகப் போட்டு வெட்டும் கிராஸ் கட் ஜாக்கெட்டில் மிஞ்சும் துண்டுகளின் நீள விளிம்புகள் பெரும்பாலும் சாய்ந்த நூலில்தான் இருக்கும். நேராக வெட்டியதுபோலத் தெரியும் அந்த விளிம்பை நம்பி சதுரம் வரையும் அச்சை அதோடு ஒட்டி வைத்தால் நான்கு பக்கமும் நீளும் சதுரம் கிடைக்கும். அளந்தால் 5 இன்ச் சரியாக இருக்கும். இஸ்திரி போட்டதும் 5⅛ ஆகும், துணியை நகர்த்தும் மிஷின் பல் இழுத்ததும் இன்னும் கொஞ்சம் நீளும். ஓரத்து வரிசையில் இப்படி நாலு சதுரம் இருந்தால் விளிம்பு அலைபாயும்.

திசை காண ஓரத்தில் ஒரே ஓர் இழையை உருவினால் போதும். இழை போன இடத்தில் நேர்கோடு தெரியும், அச்சின் ஒரு பக்கம் அந்தக் கோட்டில் படிய வேண்டும். பிறகு சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் இறுக்கமாக இருந்தால் நேர் நூல். பாவு எது, ஊடை எது என்று இந்த அளவு வேலைக்குப் பார்க்க வேண்டாம்.

அச்சு அட்டையில் செய்யக் கூடாது. பென்சில் சுற்றிச் சுற்றிப் போக அட்டையின் மூலை தேய்ந்து, கடைசிச் சதுரங்கள் முதல் சதுரங்களைவிடச் சிறுத்துவிடும். தச்சர் கடையில் மிஞ்சிய மைக்காத் துண்டில் சரியாக 5 இன்ச் சதுரம் வெட்டி, அடியில் உப்புக்காகிதம் ஒட்டிக்கொண்டால் துணி மேல் வழுக்காது. வெட்டும்போது கத்தரி கோட்டின் உள்விளிம்பில் போக வேண்டும். கோட்டுக்கு வெளியே வெட்டினால் கோட்டின் பருமன் நாலு பக்கமும் கூடும். உருள் கத்தியும் அதற்கான வெட்டுப் பாயும் வைத்திருப்பவர்கள் மைக்காவுக்குப் பதில் தடித்த அக்ரிலிக் அளவுகோல் எடுக்க வேண்டும். உருள் கத்தி மைக்காவின் மெல்லிய விளிம்பில் ஏறி விரலுக்கு வரும்.

ஒரே தடவையில் நாலு அடுக்குக்கு மேல் வெட்ட வேண்டாம். 80-க்குப் பதில் 86 வெட்டுங்கள். அந்த ஆறும் பின்னால் தேவைப்படும்.

சாய்ந்த துண்டுகளை எறியாமல் இருக்க

ஒதுக்கிய குவியலில் நல்ல நிறமெல்லாம் சேர்ந்திருக்கும், மனம் கேட்காது. அவற்றைக் காப்பாற்ற வழி உண்டு. பழைய வேட்டியில் நேர் நூலில் 5½ இன்ச் சதுரங்கள் வெட்டி அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூலைவிட்டத்தில் ஒரு பட்டைத் துண்டை நல்லபக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன் மேல் இரண்டாவது பட்டையை நல்லபக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து, விளிம்பை விளிம்போடு சேர்த்து, அடித்தளத்தோடு சேர்த்தே கால் இன்ச்சில் தைத்து, திருப்பி, விரல்நகத்தால் அழுத்தி இஸ்திரி போட வேண்டும். மூலை முடியும்வரை இருபுறமும் இப்படியே. கடைசியில் கவிழ்த்துப் போட்டு, மைக்கா அச்சை அடித்தளத்தின் நூலுக்கு நேராக வைத்து 5 இன்ச்சாக வெட்டிக்கொள்ளலாம். மேலே ஓடும் பட்டை எந்தத் திசையில் சாய்ந்திருந்தாலும் அடியிலுள்ள வேட்டி அதை நீளவிடாது. பட்டை ஓர் இன்ச்சுக்குக் குறையக் கூடாது. இருபுறமும் கால் இன்ச் போனால் அரை இன்ச்தான் தெரியும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தியில் இதே பலம் வேறு வழியில் வருகிறது. அவர்கள் ஒரு முழுப் பழைய புடவையை அடித்தளமாக வைத்து, துண்டுகளின் விளிம்பை மடித்து மடித்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுத்தையலால் தைத்துக்கொண்டே போவார்கள். சதுர அளவும் வேண்டாம், நூல் திசையும் பார்க்க வேண்டாம், தனியாக ஓரப் பட்டியும் வேண்டாம். மிஷின் இல்லாதவர்களுக்கு இந்த ஆய்வில் சொல்லும் முறையைவிட அது எளிது. நேர்கோட்டுச் சதுரங்கள்தான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் இத்தனை அளவுக் கட்டுப்பாடு.

அடித்தளம் உள்ள சதுரங்கள் கனமாக இருக்கும். 80-ல் பதினாறுக்கு மேல் வேண்டாம், அவற்றையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வராமல் பரப்ப வேண்டும்.

பரப்பி வைத்தல்

தரையில் 80-ஐயும் சதுரங்கப் பலகைபோல வெளிர், அடர், வெளிர், அடர் என்று வையுங்கள். எந்தத் துணி வெளிர், எது அடர் என்று குழம்பும் நடுத்தர நிறங்கள் பத்தாவது இருக்கும். போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் உடனே பிரிந்துவிடும். பளிச்சென்ற மஞ்சளும் ரோஸும் கண்ணுக்கு அடர்ந்து தெரிந்தாலும் படத்தில் வெளிராகவே வரும்.

சாய்வில் கொஞ்சம் சந்தேகம் உள்ள சதுரங்கள் நடுவே போகட்டும். சுற்று ஓரத்தில் வரும் 32 சதுரங்கள் சுத்தமான நேர் நூலாக இருக்க வேண்டும். பரப்பியதும் படம் எடுத்து, ஒவ்வொரு வரிசையின் இடது முதல் சதுரத்திலும் எண் எழுதிய காகிதத்தைக் குண்டூசியால் குத்திவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு இதைச் செய்வது நல்லது.

கால் இன்ச்

80 சதுரங்களிலும் தையல் ஒரே அகலமாக இருக்க வேண்டும். எட்டு நூல் ஓர் இன்ச் என்ற தச்சுக் கணக்கில், கால் இன்ச்சை விட அரை நூல், அதாவது 1/16 இன்ச், கூடுதலாகத் தைத்தால் என்ன ஆகும்? ஒரு தையலில் இரண்டு துணியிலும் சேர்ந்து 1/8 இன்ச் போகும். ஒரு வரிசையில் 7 தையல்கள். ஆக வரிசை 7/8 இன்ச் குறையும். எல்லா வரிசையும் அப்படிக் குறைந்தால்கூடப் பிரச்சினை இல்லை, விரிப்பு சிறிதாகும், அவ்வளவே. காலையில் தைத்த வரிசை 36½, மாலையில் களைப்போடு தைத்தது 35⅝ என்றால்தான் மூலைகள் சேராது.

பழைய கறுப்பு மிஷினில் அமுக்கு பாதத்தின் விளிம்பைக் கால் இன்ச் என்று நம்பக் கூடாது. இன்ச் டேப்பைப் பாதத்தின் கீழ் வைத்து, கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசி முனை கால் இன்ச் கோட்டைத் தொடுமாறு இறக்கி, டேப்பின் விளிம்பு முடியும் இடத்தில் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். அந்த மேடுதான் துணிக்கு வழிகாட்டி. பிறகு மிஞ்சிய மூன்று சதுரங்களை வரிசையாகத் தைத்து இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். 14 இன்ச் வர வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஓர் இழை நகர்த்துங்கள். மடிப்பு வளைவதற்கே கொஞ்சம் துணி போகும் என்பதால் கால் இன்ச்சுக்கு ஓர் இழை குறைவாகத் தைப்பதே சரியாக வரும்.

ஊசி 14-ஆம் எண், புதியது. தையல் இன்ச்சுக்கு 10 முதல் 12. இரண்டிரண்டாக 40 ஜோடிகளையும் நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக மிஷினில் விடலாம். நூல் மிஞ்சும், துணியின் முனையை மிஷின் பல் உள்ளே இழுத்துச் சிக்கவைப்பதும் குறையும். பிறகு ஜோடிகளை நான்காக, நான்கை எட்டாக.

இஸ்திரி போடும்போது தேய்க்காமல் வைத்து எடுக்க வேண்டும். தேய்த்தால் நேர் நூல் சதுரம்கூடச் சாயும். தையல் மடிப்பை எப்போதும் அடர்ந்த சதுரத்தின் பக்கம் படுக்கவையுங்கள். இதில் இரண்டு லாபம். வெளிர் துணியின் கீழ் இருட்டு மடிப்பு தெரியாது. சதுரங்கப் பலகை அமைப்பில் ஒரு வரிசையில் மடிப்பு வலப்பக்கம் படுத்தால், அடுத்த வரிசையில் அதே இடத்தில் தானாகவே இடப்பக்கம் படுக்கும். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது இந்த மடிப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பூட்டுபோல நிற்கும். விரலால் தடவினாலே மூலை சேர்ந்ததா இல்லையா என்று தெரியும்.

வரிசைகளைச் சேர்க்கும் நீளத் தையலில் இன்னொரு சிக்கல். மிஷின் பல் கீழ்த்துணியைத்தான் இழுக்கிறது, மேல்துணி பாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. 36 இன்ச் முடிவில் மேல்துணி ஒரு நூல், இரண்டு நூல் மிஞ்சி நிற்கும். ஏழு சந்திப்புகளிலும் குண்டூசி குத்தி, நீளம் சற்றுக் கூடிய வரிசையைக் கீழே வைத்துத் தையுங்கள், பல்லே அதைச் சுருக்கிச் சேர்த்துவிடும். ஒரு தையல் இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று மாற்றித் தைத்தால் விரிப்பு வில்போல வளையாது.

முடிந்ததும் மேல்பக்கம் 36½ × 45½ இன்ச் இருக்க வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். கால் இன்ச்சுக்குள் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 58¼-க்கும் 58½-க்கும் நடுவே வர வேண்டும். 60 இன்ச் டேப்பில் இந்த அளவு அடங்கிவிடுவது வசதி. ஒரு மூலைவிட்டம் அரை இன்ச்சுக்கு மேல் கூடினால் நீர் தெளித்து, குட்டையான மூலைகளைப் பிடித்து மெல்ல இழுத்துத் தட்டையாகக் காயவைக்கலாம். சாய்ந்த நூலின் குணம் இங்கே மட்டும் உதவிக்கு வருகிறது.

நடு அடுக்கு

பாலியஸ்டர் பஞ்சுத் தாள் கடையில் கிடைக்கிறது, உப்பலாக அழகாக இருக்கும். நம் ஊர் வெக்கையில் குழந்தையின் முதுகுக்கு அது ஏற்றதல்ல. இலவம் பஞ்சோ பிரித்த பருத்திப் பஞ்சோ துவைத்ததும் கட்டிகட்டியாகத் திரளும். பழைய வேட்டிதான் நமக்கு உகந்தது. நாலு முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், 50 இன்ச் அகலம். நடுவில் ஒரே மடிப்பு மடித்தால் 39 × 50 இன்ச்சில் இரண்டு அடுக்கு கிடைக்கும். நம் மேல்பக்கத்துக்குச் சுற்றிலும் ஓர் இன்ச்சுக்கு மேல் மிச்சம். கரையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். மார்கழியில் டைல்ஸ் தரையில் போடுவதென்றால் பழைய மெல்லிய துண்டு ஒன்றை மூன்றாவது அடுக்காகச் சேர்க்கலாம். அந்தத் துண்டு சேர்க்காவிட்டால் மொத்த எடை அரை கிலோவுக்குள்ளேயே நிற்கும், மழைக்காலத்திலும் கொடியில் சீக்கிரம் உலரும்.

அடித்துணிக்கு 40 × 49 இன்ச். புடவையின் இரு கரையையும் எடுத்தபின் 40 மிஞ்ச வேண்டும், அகலக் கரைப் புடவையில் மிஞ்சாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டைவிரல்களால் இழுத்துப் பாருங்கள். கிழியும் சத்தம் கேட்டால் அந்தப் பகுதி வேண்டாம். பழைய புடவையும் வேட்டியும் மென்மையாக இருப்பதற்கும் சட்டென்று கிழிவதற்கும் ஒரே காரணம்தான், இழை தேய்ந்திருக்கிறது.

தரையைத் துடைத்து, அடித்துணியை உள்பக்கம் மேலே தெரிய விரித்து, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்பக்கத்தில் சுருக்கம் விழும். அதன் மேல் வேட்டி, அதன் மேல் தைத்த மேல்பக்கம். நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஓர் ஊக்கு. 80 ஊக்குகள். வேலை வாரக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தால் ஊக்குக்குப் பதில் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். மழைக்காலத்தில் ஊக்கு துருப்பிடித்துக் கறை விடும், அந்தக் கறை போகாது.

ஓட்டுத்தையல்

மூன்று துணியையும் சேர்த்துப் பிடிக்கும் தையலைக் கையால் போடுவதே இந்த அளவுக்கு நல்லது. ஒவ்வொரு சதுரத் தையலுக்கும் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வரி. கால் இன்ச் தள்ளிப் போட்டால் உள்ளே மடிந்து படுத்திருக்கும் துணியின் விளிம்பில் ஊசி இடிக்கும், ஒரு சென்டிமீட்டர் என்றால் அதைத் தாண்டிவிடும். நெடுக்கே 14 வரிகள், குறுக்கே 18 வரிகள். மொத்தம் 1278 இன்ச், 32½ மீட்டர். எட்டு மீட்டர் எம்பிராய்டரி நூல் கண்டில் ஆறு இழை இருக்கும், மூன்று மூன்றாகப் பிரித்தால் 16 மீட்டர். மூன்று கண்டு வாங்கினால் முடிச்சுக்கும் முனைக்கும் சேர்த்துத் தாராளமாகப் போதும்.

18 இன்ச்சுக்கு மேல் நூல் கோக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் துணிக்குள் நுழைந்து வரும் நூல் பிசிர் விட்டு மெலியும். முடிச்சை மேல்துணிக்கும் வேட்டிக்கும் நடுவே ‘டப்’ என்று இழுத்து மறைத்துவிடலாம். இன்ச்சுக்கு 5 தையல் வந்தால் நன்று. எண்ணிக்கையைவிட மேலும் கீழும் ஒரே நீளமாக இருப்பது முக்கியம்.

முதல் வரி நடுவில் தொடங்க வேண்டும். நடு நெடுவரி, நடு குறுக்குவரி, பிறகு வெளியே. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் தளர்வெல்லாம் நடுவுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் அங்கே மடிப்பாகத் தைபடும். அடித்துணியில் மடிப்பு விழுவது மேலிருந்து தெரியாது. ஒவ்வொரு வரி முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். மடிப்பு ஒன்று தெரிந்தால் அந்த வரியை மட்டும் பிரிக்கலாம், நாலு வரி கடந்தபின் பிரித்தால் மனமும் சேர்ந்து பிரியும்.

ஓரப் பட்டி

அதிகப்படியான வேட்டியையும் அடித்துணியையும் மேல்பக்க அளவுக்கு வெட்டிய பின் சுற்றளவு 164 இன்ச் சுமார். மூலைக்கும் முடிப்புக்கும் சேர்த்து 174 வேண்டும். 44 இன்ச் அகலத் துணியில் 2¼ இன்ச் பட்டைகள் ஐந்து. நாலு போதும் என்று தோன்றும், ஆனால் மூலைவாட்டில் இணைக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இன்ச்சுக்கு மேல் போவதால் போதாது. தையல்காரர்கள் பைப்பிங்குக்கு வெட்டும் கிராஸ் பீஸ் இங்கே தேவையில்லை. ஓரம் நேராக இருப்பதால் நேர்ப் பட்டையே போதும், துணியும் மிஞ்சும்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, அதன் இரண்டு வெட்டு விளிம்பையும் விரிப்பின் விளிம்போடு சேர்த்து மேல்பக்கத்தில் கால் இன்ச்சில் தைக்க வேண்டும். மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டையை மேல்நோக்கி 45 டிகிரியில் மடித்து, மறுபடி கீழே மடித்து அடுத்த பக்கத்தின் விளிம்பிலிருந்து தைத்தால், பின்னால் திருப்பும்போது மூலை தானாக அமையும். தைக்கும்போது பட்டையை இழுத்துப் பிடித்தால் விரிப்பின் மூலைகள் சுருண்டு எழும், தளர்த்திவிட்டால் பட்டி அலைபாயும். கையை அதன் மேல் சும்மா வைத்திருந்தாலே போதும். பின்பக்கம் கையால் மறைதையல்.

அடித்துணியையே முன்னால் மடித்துத் தைத்து முடிப்பவர்களும் உண்டு. வேலை குறையும். ஆனால் எந்த விரிப்பிலும் முதலில் தேய்வது ஓரம்தான், அங்கே பழைய புடவை ஒற்றை அடுக்காக நின்றால் சீக்கிரம் கிழியும். இரட்டைப் பட்டிக்குச் செலவிடும் நேரம் வீண் இல்லை.

தைத்து முடித்ததைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

ஓரம் மட்டும் அலைந்து நடு தட்டையாக இருந்தால் ஓரச் சதுரங்களின் நூல் சாய்ந்திருக்கிறது, அல்லது பட்டி தளர்ந்திருக்கிறது. பட்டியைப் பிரித்ததும் அலை அடங்கினால் பட்டி, அடங்காவிட்டால் சதுரம். ஒரே ஒரு சதுரம் மட்டும் உப்பியிருந்தால் அது கலப்பு நூல். மூலைகள் விரிப்பின் ஒரு பக்கத்தில் சேர்ந்து மறுபக்கம் போகப் போக விலகினால், வரிசைகளைச் சேர்க்கும்போது மேல்துணி பின்தங்கியிருக்கிறது. அங்கங்கே ஒழுங்கின்றி விலகியிருந்தால் கால் இன்ச் ஆடியிருக்கிறது. சலவைக்குப் பிறகு முழுவதும் ஒரே சீராகச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தால் அது குறையே இல்லை, எல்லா அடுக்கும் ஒன்றுபோல இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுருக்கத்துக்காகவே குயில்ட்டை விரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

முதல் சலவை பச்சைத் தண்ணீரில், தனியாக, மெல்லிய சோப்பில். ஊறவைக்க வேண்டாம். ஈரத்தோடு சுருட்டி வைக்காமல் உடனே விரித்து நிழலில் காயவைக்க வேண்டும். சாயம் இறங்கினால் பெரும்பாலும் ஈரத்தில் மடிந்து கிடக்கும்போதுதான் ஒட்டுகிறது. லேசாக ஒட்டியது தெரிந்தால் உலரவிடாமல் நிறையத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். உலர்ந்து, அதன் மேல் இஸ்திரியும் பட்டுவிட்டால் மீட்பது கடினம்.

இந்த விரிப்பு கீழே போடுவதற்கு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தவோ தொட்டிலில் தளர்வாக விடவோ கூடாது, முகத்தை மூடும் அபாயம் உண்டு.

மிஞ்சிய ஆறு சதுரங்களில் அளவு பார்க்கத் தைத்த மூன்றையும் பிரித்தெடுத்துக்கொண்டு, ஆறையும் ஒவ்வொரு சலவையிலும் ஒரு வலைப்பையில் போட்டு விரிப்போடு சேர்த்தே துவைத்து வாருங்கள். அப்போது அவையும் அதே அளவுக்கு வெளுக்கும். முதலில் தேயப்போவது லைனிங் சதுரங்கள்தான். அப்படி ஒன்று நைந்தால் அதைப் பிரிக்க வேண்டாம். அந்தச் சதுரத்துக்குள் ஓடும் நாலு ஓட்டுத்தையல் வரிகளை மட்டும் பிரித்து, இருபுறமும் நூல் முனையை முடிந்துகொள்ளுங்கள். மாற்றுச் சதுரத்தின் நாலு பக்கமும் கால் இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டால் சரியாக 4½ இன்ச் வரும். நைந்ததன் மேல் வைத்து, பழைய தையல் கோட்டிலேயே மறைதையல் போட்டு, ஓட்டுத்தையல் வரிகளை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டிவிடலாம்.